மாதுளை ஒன்றே, விளைவு வேறு: தாவரச் சேர்மங்களைக் குடல் பாக்டீரியா மாற்றும் விதம்

மாதுளம்பழச் சாறு குடித்த இருவரின் சிறுநீரை அடுத்த இரண்டு மூன்று நாள்களுக்குள் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தால், ஒருவருடையதில் யூரோலித்தின் என்ற சேர்மம் கணிசமாக இருக்கும். மற்றவருடையதில் அதன் சுவடே தென்படாமல் போகலாம். மாதுளையில் யூரோலித்தின் கிடையாது. அதை உண்டாக்கக்கூடிய நொதி மனித உடலிலும் கிடையாது. பெருங்குடலில் வாழும் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களே அதைத் தயாரிக்கின்றன. அவை சிலரிடம் இருக்கின்றன, சிலரிடம் இல்லை. காய், கனி, விதை ஆகியவை உடல்நலத்துக்கு என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு நெடுங்காலமாகத் தெளிவான பதில் கிடைக்காததற்கு முக்கியக் காரணம், நாம் உண்ணும் பொருளையும் நம் இரத்தத்தில் சேரும் பொருளையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டதுதான் என்று கருதுகிறேன்.

இந்தத் தவறான எண்ணம் எப்படி வேரூன்றியது என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தம். தாவரங்கள் புற ஊதாக் கதிர், பூஞ்சை, பூச்சி, மேயும் விலங்கு ஆகியவற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவும், மகரந்தம் சேர்க்கும் உயிர்களைக் கவரவும் பல்லாயிரம் சேர்மங்களைத் தயாரிக்கின்றன. அவற்றுள் பாலிஃபீனால் என்ற குடும்பத்தில் மட்டுமே 8,000-க்கும் மேற்பட்டவை இனங்காணப்பட்டுள்ளன. திராட்சைத் தோலின் கருஞ்சிவப்பும், தேநீரின் துவர்ப்பும், வெங்காயத்தின் மேல்தோலில் உள்ள மஞ்சளும் இவற்றால் வருபவையே. சோதனைக் குழாயில் இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது தெரிந்ததும், உடலுக்குள்ளும் இதே வேலையைத்தான் செய்யும் என்று 1990-களில் பரவலாக நம்பப்பட்டது. எந்த உணவில் இந்தத் திறன் எவ்வளவு என்று அமெரிக்க வேளாண்மைத் துறை அட்டவணையே வெளியிட்டது. ஆனால் சோதனைக் குழாயில் கிடைத்த எண்ணுக்கும் மனித உடலில் நிகழ்வதற்கும் தொடர்பு நிறுவப்படாத நிலையில், 2012-இல் அந்தத் துறை தன் அட்டவணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அட்டவணையின் மொழி மட்டும் விளம்பரங்களில் இன்றும் நீடிக்கிறது.

நம்பிக்கை பொய்த்ததற்கு எளிய வேதியியல் காரணம் உண்டு. பாலிஃபீனால்களை உடல் அந்நியப் பொருளாகவே நடத்துகிறது. குடல் சுவரும் கல்லீரலும் அவற்றோடு சல்ஃபேட்டையோ குளுகுரானிக் அமிலத்தையோ இணைத்துச் சிறுநீரிலும் பித்தநீரிலும் வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே இரத்தத்தில் அவை மிகச் சொற்ப அளவில், அதுவும் சில மணி நேரமே காணப்படுகின்றன. இரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் யூரிக் அமிலமும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கக்கூடியதே. அதன் அளவு பாலிஃபீனால்களின் அளவைப்போல் பல நூறு மடங்கு. அப்படியிருக்க, தாவர உணவை நிறைய உண்பவர்களுக்கு இதய நோயும் நீரிழிவும் குறைவாக வருவதை மக்கள்தொகை ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவந்தன. இரத்தத்தில் சரியாகச் சேராத ஒன்று எப்படிப் பயன் தரும் என்ற புதிர்தான் ஆய்வாளர்களின் பார்வையைப் பெருங்குடலின் பக்கம் திருப்பியது.

தாவரத்தில் பெரும்பாலான பாலிஃபீனால்கள் ஏதேனும் ஒரு சர்க்கரையோடு பிணைந்தே இருக்கின்றன. அந்தச் சர்க்கரை குளுக்கோஸாக இருந்தால், பாலில் உள்ள லாக்டோஸைப் பிரிக்கும் அதே நொதி சிறுகுடலிலேயே அதை வெட்டிவிடும். மீதிப் பகுதி ஓரளவு உறிஞ்சப்படும். ரூட்டின் என்ற சேர்மத்தில் இருப்பதுபோல் கடைசியில் ராம்னோஸ் சர்க்கரை இருந்தால், அதை வெட்டும் கருவி மனிதரிடம் இல்லை. பல அலகுகள் கோத்த, துவர்ப்புத் தரும் பெரிய பாலிஃபீனால்களான டானின்களுக்கும் இதே கதிதான். உண்ணும் பாலிஃபீனால்களில் ஏறத்தாழ 90 முதல் 95 விழுக்காடு உறிஞ்சப்படாமல் பெருங்குடலைச் சென்றடைகிறது என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

அங்கே ஏறத்தாழ ஆக்சிஜனே இல்லாத சூழலில், சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மனித செல்களைவிட அவை பத்து மடங்கு அதிகம் என்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்த கணக்கு 2016-இல் திருத்தப்பட்டது. இரண்டும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் உள்ளன, பாக்டீரியாக்களின் மொத்த எடை 200 கிராம் அளவே என்பது இப்போதைய மதிப்பீடு. எடை குறைவாயினும் அவற்றிடம் இருக்கும் நொதிகளின் வகை மலைக்க வைக்கிறது. உணவிலுள்ள மாவுப் பொருள்களையும் சர்க்கரைகளையும் செரிக்க மனித மரபணுத் தொகுதி இருபதுக்கும் குறைவான நொதிகளையே கொண்டிருக்க, பாக்டீராய்டீஸ் தீட்டாயோட்டாவ்மிக்ரான் என்ற ஒரேயொரு குடல் பாக்டீரியாவிடம் சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டும் நொதிகள் 250-க்கு மேல் உள்ளன. இத்தகைய பாக்டீரியாக்கள் சர்க்கரையை வெட்டுகின்றன. வேறு சில, மூலக்கூறில் உள்ள அணு வளையங்களைத் திறக்கின்றன. இன்னும் சில, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. ஆயிரக்கணக்கான வகை பாலிஃபீனால்கள் இறுதியில் சில டஜன் சிறிய ஃபீனாலிக் அமிலங்களாகவும் அவற்றை ஒத்த சேர்மங்களாகவும் சுருங்கிவிடுகின்றன. இந்தச் சிறு மூலக்கூறுகள்தாம் இரத்தத்தில் தாராளமாகச் சேர்பவை. தேநீரிலும் கொக்கோவிலும் உள்ள கேட்டச்சின்கள் வேலரோலாக்டோன்களாக மாறி, குடித்துப் பல மணி நேரம் கழித்தே இரத்தத்தில் உச்ச அளவை எட்டுவது இதனால்தான்.

மாதுளைக்குத் திரும்பினால் இந்த வேலை எவ்வளவு நுணுக்கமாகப் பங்கிடப்பட்டுள்ளது என்பது விளங்கும். மாதுளையின் துவர்ப்புக்குக் காரணமான பியூனிக்கலாஜின், எல்லாஜிட்டானின் என்ற டானின் வகையைச் சேர்ந்த பெரிய மூலக்கூறு. அது நீரில் சரியாகக் கரையாத எல்லாஜிக் அமிலமாக உடைகிறது. கோர்டோனிபேக்டர் என்ற பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் முதலில் அதன் இரண்டு லாக்டோன் வளையங்களில் ஒன்றைத் திறக்கின்றன. பின்னர் ஹைட்ராக்சில் தொகுதிகளை வரிசையாக நீக்கி, யூரோலித்தின் சி என்ற நிலைவரை கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. அதிலிருந்து யூரோலித்தின் ஏ-வை உண்டாக்க எண்டரோக்ளோஸ்டர் போன்ற வேறு பாக்டீரியாக்கள் தேவை. ஒரு கூட்டத்தின் கழிவே அடுத்த கூட்டத்தின் மூலப்பொருள். இடையில் ஒன்று இல்லாவிட்டாலும் வரிசை அங்கேயே நின்றுபோகும். ஸ்பெயினின் மூர்சியாவில் இயங்கும் ஆய்வுக்குழு 2014-இல் இதன் அடிப்படையில் மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்தது: யூரோலித்தின் ஏ மட்டும் உண்டாக்குபவர்கள், அதோடு ஐசோயூரோலித்தின் ஏ, யூரோலித்தின் பி ஆகியவற்றையும் உண்டாக்குபவர்கள், எதையுமே உண்டாக்காதவர்கள். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, வால்நட் ஆகியவற்றிலும் எல்லாஜிட்டானின்கள் உண்டு என்பதால் இந்தப் பிரிவினை மாதுளைக்கு மட்டும் உரியதன்று.

யூரோலித்தின் ஏ எதற்குப் பயன்படுகிறது என்பது அடுத்த கேள்வி. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களில் பழுதடைந்தவற்றைச் செல்லே பிரித்தழித்து மறுசுழற்சி செய்யும் ஒரு நிகழ்வு உண்டு. வயதாக ஆக அது தளர்கிறது. யூரோலித்தின் ஏ அதைத் தூண்டி, சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுவின் ஆயுளை நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் நீட்டித்ததாகச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் 2016-இல் அறிவித்தனர். முதியோரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், சிலவகைத் தசைத் தாங்குதிறன் கூடியது. ஆனால் ஆய்வின் முதன்மை அளவுகோலாக வைக்கப்பட்ட ஆறு நிமிட நடைத் தூரத்தில், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புழுவில் கண்டதை வைத்து மனிதருக்கு நீண்ட ஆயுளை வாக்களிக்கும் விற்பனையாளர்கள் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்வதில்லை. வாங்குபவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

இதே கதை சோயாவில் இன்னும் பழமையானது. அதன் முதல் அத்தியாயம் மனிதர்களைப் பற்றியதே அன்று. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில், ஒருவகைக் குளோவர் புல்லை மேய்ந்த செம்மறி ஆடுகள் பெருமளவில் சினை பிடிக்காமல் போயின. புல்லில் இருந்த ஃபார்மோனோனெட்டின் என்ற சேர்மம் தன்னளவில் பெரிய தீங்கு செய்யக்கூடியது அன்று; ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அதை டெய்ட்சீனாகவும், பின்னர் ஈக்வாலாகவும் மாற்றிவிட, அந்த ஈக்வால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப்போல் செயல்பட்டு ஆடுகளின் இனப்பெருக்க மண்டலத்தைக் குலைத்திருந்தது. 1980-களின் தொடக்கத்தில் சோயா உண்ட மனிதர்களின் சிறுநீரிலும் ஈக்வால் கண்டறியப்பட்டது. ஆனால் எல்லாரிடமும் இல்லை. மேற்கத்திய நாடுகளில் 25 முதல் 30 விழுக்காட்டினரும், ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் 50 முதல் 60 விழுக்காட்டினருமே சோயாவிலிருந்து அதை உண்டாக்குகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் ஒருவகையோடு ஈக்வால் அதன் மூலமான டெய்ட்சீனைவிட வலுவாகப் பிணைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் உடற்சூட்டுத் தொல்லையைச் சோயா தணிக்கிறதா என்று நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதற்கு, ஈக்வால் உண்டாக்குபவர்களையும் உண்டாக்காதவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்ததும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்ற வாதம் 2002-இலிருந்தே முன்வைக்கப்பட்டு வருகிறது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பாதிப் பேருக்கு ஒரு பொருளும் மீதிப் பேருக்கு வேறொரு பொருளும் கொடுத்துவிட்டு இரண்டுக்கும் ஒரே விடை தேடினால் எதுவும் தெளியாது.

மருந்துகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஏனெனில் அங்கே அளவு தவறினால் உயிருக்கு ஆபத்து. மலச்சிக்கலுக்குத் தரப்படும் சென்னாவில் உள்ள சென்னோசைடு தானாக எதையும் செய்யாது; பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் பிரித்து ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளை விடுவித்த பிறகே குடல் அசைவு தூண்டப்படுகிறது. இரவில் உட்கொண்ட மாத்திரை காலையில் வேலை செய்வது அந்தப் பயண நேரத்தால்தான். இதற்கு நேரெதிரானது டிஜாக்சின். டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து பெறப்படும் இந்த இதய மருந்தில், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. எக்கர்த்தெல்லா லென்டா என்ற குடல் பாக்டீரியா இதைச் செயலிழக்கச் செய்கிறது. மருந்து எடுப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்த இழப்பு பெரிய அளவில் நேர்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் பாக்டீரியா அழிந்து, அதே மாத்திரையில் இரத்தத்தில் டிஜாக்சின் அளவு இரு மடங்குவரை உயரலாம் என்று 1981-இலேயே பதிவானது. இதற்குப் பொறுப்பான மரபணுக்கள் 2013-இல் கண்டுபிடிக்கப்பட்டன. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மிகுந்தால் அந்த மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன, புரதம் நிறைந்த தீவனம் உண்ட எலிகளில் மருந்து வீணாவது குறைந்தது. பாக்டீரியா இருப்பது மட்டும் போதாது, அதற்குக் கிடைக்கும் உணவும் அது என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பாக்டீரியாக்கள் நமக்கு நன்மை செய்வதற்காக இவற்றை மாற்றவில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பாதாமி (ஆப்ரிகாட்) பழத்தின் விதைப் பருப்பில் உள்ள அமிக்டலின், வாய்வழியாக உள்ளே சென்றால் குடல் பாக்டீரியாக்களின் நொதியால் பிரிந்து சயனைடை விடுவிக்கிறது. புற்றுநோய்க்கு மாற்று மருந்தென்று சொல்லி இதை உட்கொண்டவர்கள் சயனைடு நஞ்சேறி இறந்திருக்கிறார்கள். நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அதே அளவு அமிக்டலினை வாய்வழி கொடுத்தபோது அத்தகைய நஞ்சேற்றம் நிகழவில்லை. இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சேர்மத்தைப் பாதுகாப்பானதென்று நம்புவோருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை பாக்டீரியா சேர்மத்தை மாற்றும் கதை. மறுபக்கமும் உண்டு: சேர்மங்கள் பாக்டீரியாக் கூட்டத்தை மாற்றுகின்றன. இதில் அளவாலும் சான்றின் வலுவாலும் முதலிடம் நார்ச்சத்துக்கே. நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிறிய கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தம் ஆற்றலின் பெரும்பகுதியைப் பெறுவது இரத்தத்திலுள்ள குளுக்கோஸிலிருந்து அன்று, பியூட்டிரேட்டிலிருந்துதான். அந்த செல்கள் பியூட்டிரேட்டை எரிக்கும்போது ஆக்சிஜனும் செலவாகிறது. அதனால் குடலின் உட்புறம் ஆக்சிஜன் அற்றதாகவே நீடிக்கிறது. அந்தச் சூழலே பியூட்டிரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு ஏற்றது. ஒன்றையொன்று தாங்கும் இந்தச் சுழற்சி, நார்ச்சத்து வரத்து குறைந்தால் இரு முனைகளிலும் தளரத் தொடங்கும்.

அப்படி வரத்து நின்றால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் 2016-இல் எலிகளில் காட்டினர். மனிதக் குடலில் காணப்படும் 14 வகை பாக்டீரியாக்களை மட்டும் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தில்லாத தீவனம் தரப்பட்டபோது, பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கவில்லை. குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தில் உள்ள சர்க்கரைகளைத் தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது. நோய்க்கிருமி ஒன்றைச் செலுத்தியபோது அந்த எலிகள் கடுமையான குடல் அழற்சிக்கு உள்ளாயின. நார்ச்சத்து உண்ட எலிகள் பெரும்பாலும் தப்பின. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. எனினும் மனிதர்களைப் பற்றிய தரவுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. 185 தொடராய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் தொகுத்து 2019-இல் வெளியான பகுப்பாய்வு, நார்ச்சத்து மிகுதியாக உண்டவர்களிடம் இறப்பும், இதய நோயும், இரண்டாம் வகை நீரிழிவும், பெருங்குடல் புற்றுநோயும் 15 முதல் 30 விழுக்காடுவரை குறைவாக இருந்ததைக் கண்டது. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் என்ற அளவில் பயன் தெளிவாகத் தெரிந்தது.

பாலிஃபீனால்களுக்கு இந்த அளவு உறுதியான மனிதச் சான்று இன்னும் இல்லை. குருதிநெல்லி (கிரான்பெரி), திராட்சை ஆகியவற்றின் சாறு, அக்கர்மேன்சியா மியூசினிஃபிலா என்ற பாக்டீரியாவை எலிகளில் பெருக்கியதோடு இன்சுலின் செயல்பாட்டையும் சீராக்கியது. மனிதர்களில், காபி குடிப்பதற்கும் லாசோனிபேக்டர் அசாக்கரோலிட்டிக்கஸ் என்ற பாக்டீரியாவின் மிகுதிக்கும் வியக்கத்தக்க அளவு வலுவான தொடர்பு இருப்பது 20,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2024-இல் நிறுவப்பட்டது. ஆனால் ஒரு பாக்டீரியா கூடுவது வேறு, நோய் குறைவது வேறு. கொக்கோவின் ஃபிளவனால்களை 21,000-க்கும் மேற்பட்ட முதியோருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்த காஸ்மாஸ் சோதனையில், மொத்த இதய நிகழ்வுகள் புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத்தக்க அளவில் குறையவில்லை; இதய நோயால் நேரும் இறப்புகள் மட்டும் 27 விழுக்காடு குறைந்திருந்தன. முதன்மை இலக்கு தவறிய ஒரு சோதனையின் துணை முடிவை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கையையே நலத்தின் அளவுகோலாகக் கொள்வதும் அவ்வளவு நேரானதன்று. வாரத்துக்கு 30-க்கும் மேற்பட்ட தாவர வகைகளை உண்பவர்களின் குடலில், பத்தோ அதற்குக் குறைவாகவோ உண்பவர்களைவிடப் பல்வகைமை அதிகம் என்று, பொதுமக்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராயும் அமெரிக்கன் கட் (American Gut) திட்டம் 2018-இல் கண்டறிந்தது. ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், பத்து வாரம் நார்ச்சத்தை வெகுவாகக் கூட்டிய குழுவில் பல்வகைமை கூடவில்லை. புளிக்கவைத்த உணவுகளை உண்ட குழுவில்தான் கூடியது. நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்களை ஏற்கெனவே இழந்துவிட்ட குடலுக்கு வெறும் நார்ச்சத்து மட்டும் போதாமல் இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று. நெடுநாள் குறைவாக உண்டவர்கள் திடீரென்று அளவைக் கூட்டினால் வயிற்று உப்புசமும் வாயுவும் வருவதும் பலர் அறிந்ததே. வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுவதே தக்க வழி.

இழப்பு எப்படி நேர்கிறது என்பதற்கு ஆன்டிபயாடிக் ஓர் உதாரணம். ஆளி விதையிலும் முழுத் தானியங்களிலும் உள்ள லிக்னான்களிலிருந்து குடல் பாக்டீரியாக்கள் எண்டரோலாக்டோன் என்ற சேர்மத்தை உண்டாக்குகின்றன. ஃபின்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், ஆன்டிபயாடிக் எடுத்தவர்களின் இரத்தத்தில் அதன் அளவு, மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கடந்த பின்னும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. தேவைப்படும்போது ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். அதைத் தவிர்க்கச் சொல்ல இது காரணமாகாது. தேவையின்றி எடுக்கக் கூடாது என்பதற்கு இது கூடுதல் காரணம்.

சேர்மத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விழுங்குவது உணவை உண்பதற்கு ஈடாகாது என்பதற்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. உணவில் பாலிஃபீனால் நார்ச்சத்தோடு பிணைந்து, மெதுவாக, சிறு அளவுகளில் பெருங்குடலுக்கு வருகிறது. மாத்திரையில் அது ஒரே சமயத்தில் குவிந்து வருகிறது. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி என்ற கேட்டச்சினை எடுத்தவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. வழக்கமான முறையில் தயாரித்த பச்சைத் தேநீரைக் குடிப்பதைப் பொதுவாகப் பாதுகாப்பானதாகவே அது கருதியது.

யூரோலித்தின் உண்டாக்காதவர்களுக்கு இரண்டு வழிகள் இப்போது ஆராயப்படுகின்றன. ஆலையில் தயாரித்த யூரோலித்தினையே நேராகக் கொடுப்பது ஒன்று. பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அதில் எழாது, ஆனால் பழத்தில் உள்ள மற்ற எதுவும் அதில் வராது. விடுபட்ட பாக்டீரியாக்களைக் குடியேற்றுவது இரண்டாவது. யூரோலித்தின் உண்டாக்காத எலிகளுக்குக் கோர்டோனிபேக்டரையும் அதற்குத் துணையான பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொடுத்தபோது அவை உண்டாக்கத் தொடங்கியதை மூர்சியா குழு 2023-இல் காட்டியது. மனிதக் குடலில் ஏற்கெனவே நிலைபெற்ற கூட்டம் புதிதாக வரும் பாக்டீரியாவை எளிதில் தங்கவிடுவதில்லை. கொடுப்பதை நிறுத்திய பிறகும் அவை தங்கி, தமக்கு ஏற்ற உணவு தொடர்ந்து வரும்வரை வேலை செய்யுமா என்பதைப் பொறுத்தே இரண்டாவது வழி மருத்துவமனைகளை எட்டுமா என்பது முடிவாகும்.